சுகர் மாத்திரை போடுறீங்க, லிவர் டெஸ்ட்ல நம்பர் ஏறியிருக்கு: அடுத்து என்ன பண்ணணும்

சுகருக்கு மாத்திரை போட்டுக்கிட்டிருக்கிற ஒருத்தருக்கு ரத்த டெஸ்ட்ல எஸ்ஜிபிடி (கல்லீரல் அடிபட்டா ஏறுற ஒரு நம்பர்) அதிகமா வந்துட்டா, உடனே வர்ற சந்தேகம் மாத்திரை மேல தான். "இந்த மாத்திரை தான் கல்லீரலை கெடுத்துடுச்சு"ன்னு முடிவு பண்ணி அன்னைக்கு ராத்திரியே நிறுத்திடுறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. டைப் 2 சுகர் இருக்கிறவங்கள்ல சுமார் மூணுல ரெண்டு பேருக்கு ஃபேட்டி லிவர் இருக்கு, அந்த நம்பர் ஏறுறதுக்கு பெரும்பாலும் காரணம் அது தான், மாத்திரை இல்ல. மாத்திரையை நிறுத்தினா சுகர் தான் ஏறும், கல்லீரல்ல இருக்கிற கொழுப்பு அப்படியே தான் இருக்கும். அதே சமயம் மாத்திரையால ஒண்ணுமே ஆகாதுன்னும் சொல்லிட முடியாது, சில மருந்து சில பேருக்கு நெஜமாவே கல்லீரலை தாக்கும், ஒரு சுகர் மருந்து அதனாலயே மார்க்கெட்டை விட்டு போயிருக்கு. அதனால ரெண்டையும் பிரிச்சு பார்க்கணும், பதறாம ஒவ்வொண்ணா பார்த்தா பிரிச்சுடலாம்.

ரிப்போர்ட்டை படிக்கிறதுக்கு முன்னாடி ஆளை பாருங்க

கண்ணு வெள்ளை மஞ்சளா இருக்கா, மூத்திரம் டீ டிக்காஷன் கலர்ல போகுதா, மலம் வெளுத்து போகுதா, உடம்பு முழுக்க தடிப்பே இல்லாம அரிக்குதா, வலது பக்க விலா எலும்புக்கு கீழ வலிக்குதா, வாந்தி நிக்காம சாப்பிடவே முடியலையா, பேச்சு குழறுதா, பகல்லயே தூங்கி தூங்கி விழுறாங்களா, ரத்த வாந்தி இல்ல கருப்பா மலம் போகுதா, வயிறு தண்ணி கோத்த மாதிரி வீங்கியிருக்கா? இதுல ஒண்ணு இருந்தாலும் கீழ இருக்கிறதை படிச்சுக்கிட்டு இருக்காதீங்க, அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க, குழப்பம், ரத்த வாந்தி, கருப்பு மலம்னா நேரா எமர்ஜென்சிக்கு. போறப்ப எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில போட்டு எடுத்துக்கிட்டு போங்க.

அறிகுறி இல்லேன்னாலும் ஒரு நம்பர் ஜோடி இருக்கு, அதை கட்டாயம் பாருங்க: எஸ்ஜிபிடி இல்ல அதே ரிப்போர்ட்ல வர்ற எஸ்ஜிஓடி லேப் சொல்ற உச்ச வரம்பை விட 3 மடங்குக்கு மேல, கூடவே பிலிருபின் (காமாலையில ஏறுற மஞ்சள் பொருள்) 2 மடங்குக்கு மேல. மருந்தால இப்படி ரெண்டும் சேர்ந்து ஏறினா அதுல சுமார் பத்துல ஒருத்தருக்கு கல்லீரல் செயலிழந்து போற அளவுக்கு போகும்னு ஹைமன் சிம்மர்மன் அப்படிங்கிற கல்லீரல் டாக்டர் கவனிச்சு சொன்னார், இன்னைக்கும் புது மருந்தை சோதிக்கிறவங்க இதை தான் அபாய மணியா வெச்சிருக்காங்க. இந்த ஜோடி இருந்தா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

இன்னொண்ணு, வாந்தியோட சாப்பிடாம கிடக்கிறப்ப டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை போட்டா சுகர் ரொம்ப ஏறாமலேயே கீட்டோன்ங்கிற அமிலப்பொருள் ரத்தத்துல ஏறி ஆபத்தாகலாம், மெட்ஃபார்மினும் அந்த நேரத்துல சரிவராது, அதனால டாக்டருக்கு போன் பண்றப்பவே இந்த மாத்திரைங்க இருக்குன்னு சொல்லி இன்னைக்கு போடலாமான்னு கேட்டுடுங்க. டைப் 1 காரங்க எந்த காரணத்துக்காகவும் இன்சுலினை முழுசா நிறுத்தக்கூடாது.

ரிப்போர்ட்டை எப்படி படிக்கிறது

நம்பரை மட்டும் பார்க்காதீங்க, அது லேபோட உச்ச வரம்பை விட எத்தனை மடங்குன்னு பாருங்க. எஸ்ஜிபிடி 84, பக்கத்துல வரம்பு 40 வரைக்கும்னு போட்டிருந்தா 84ஐ 40ஆல வகுங்க, 2.1 மடங்கு. 3 மடங்குக்குள்ள இருக்கு, வேற தொந்தரவு இல்லேன்னா இது அவசரம் இல்ல, ஆனா விட்டுடுற விஷயமும் இல்ல. ஃபேட்டி லிவரால மட்டும் 5 மடங்கு தாண்டுறது அபூர்வம், அதனால அதுக்கு மேல போச்சுன்னா வேற காரணத்தை தேடியே ஆகணும். ஆயிரக்கணக்குல போனா வைரஸ் மஞ்சள் காமாலை, அளவுக்கு மீறின பாராசிட்டமால், திடீர்னு கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சது, இப்படி பெரிய விஷயமா இருக்கும்.

எஸ்ஜிபிடியும் ஏஎல்டியும் ஒண்ணு தான், எஸ்ஜிஓடியும் ஏஎஸ்டியும் ஒண்ணு தான், லேபுக்கு லேப் ஒவ்வொரு பேர் போடுவாங்க, ரெண்டு ரிப்போர்ட்டை பக்கத்துல வெச்சு பார்க்கிறப்ப இதை மனசுல வெச்சுக்கோங்க. இந்த ரெண்டும் கல்லீரல் செல் அடிபட்டா ரத்தத்துல கசியுற பொருள், கல்லீரல் எவ்வளவு வேலை செய்யுதுன்னு இது சொல்லாது. அதை சொல்றது ஆல்புமின்ங்கிற புரதம், பிலிருபின், ரத்தம் உறையுற நேரத்தை காட்டுற ஐஎன்ஆர், இந்த மூணும் தான். எஸ்ஜிபிடி 90 இருந்து இந்த மூணும் நல்லா இருக்கிறவரை விட, எஸ்ஜிபிடி 35 இருந்து ஆல்புமின் குறைஞ்சு ஐஎன்ஆர் ஏறினவருக்கு தான் நான் அதிகமா பயப்படுவேன்.

அதே மாதிரி வரம்புக்குள்ள இருந்தா எல்லாம் சரின்னும் அர்த்தம் இல்ல. லேப் 40, 50ன்னு வரம்பு போட்டாலும் அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர்கள் அமைப்பு 2017ல வெளியிட்ட வழிகாட்டியில ஆரோக்கியமான ஆணுக்கு எஸ்ஜிபிடி 29ல இருந்து 33, பெண்ணுக்கு 19ல இருந்து 25, அதுக்கு மேல போனாலே கவனிக்கணும்னு சொல்லியிருக்காங்க. சுகர் இருக்கிறவங்களுக்கு கல்லீரல்ல தழும்பு விழுந்த பிறகும் எஸ்ஜிபிடி நார்மலா இருக்கிறது உண்டு.

அடுத்து, எது அதிக மடங்கு ஏறியிருக்குன்னு பாருங்க. எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி ரெண்டும் தூக்கலா இருந்தா கல்லீரல் செல்லுல பிரச்சினை. அதே ரிப்போர்ட்ல இருக்கிற அல்கலைன் பாஸ்பேடேஸ், ஜிஜிடிங்கிற ரெண்டு நம்பரும் தூக்கலா இருந்தா பித்தம் போற வழியில பிரச்சினை, பித்தப்பை கல்லா இருக்கலாம், பித்த ஓட்டத்தை தடுக்கிற மருந்தா இருக்கலாம். அல்கலைன் பாஸ்பேடேஸ் எலும்புல இருந்தும் வரும், அதனால ஜிஜிடி நார்மலா இருந்து அது மட்டும் ஏறியிருந்தா எலும்பு பக்கம் யோசிப்பாங்க. பிலிருபின் மட்டும், அதுவும் இன்டைரக்ட் மட்டும் லேசா ஏறி மத்த எல்லாம் சரியா இருந்தா கில்பர்ட் சிண்ட்ரோம்னு பிறவியிலயே வர்ற ஒரு சாதாரண விஷயமா இருக்க வாய்ப்பு அதிகம், பட்டினி கிடந்தா கொஞ்சம் கூடும், அதனால கெடுதல் இல்ல. எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடியை விட ரெண்டு மடங்குக்கு மேல இருந்தா மதுவை சந்தேகப்படுவாங்க, குடிக்கிற பழக்கம் இருந்தா எவ்வளவு குடிக்கிறீங்கன்னு குறைச்சு சொல்லாம உள்ளபடி டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, மறைச்சா தேவையில்லாத டெஸ்ட் எல்லாம் எடுக்க வேண்டி வரும்.

எஸ்ஜிஓடி தசையிலயும் இருக்கு. முந்தின வாரம் ஜிம்ல வெயிட் தூக்கியிருந்தா, வழக்கமில்லாத கடும் வேலை பார்த்திருந்தா, தசையில ஊசி, அடி, இல்ல கொலஸ்ட்ரால் மாத்திரையால தசை வலி இருந்தா ரெண்டு நம்பருமே ஏறும். சிகேன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அதை சேர்த்து பார்த்தா தசையா கல்லீரலான்னு தெரிஞ்சுடும்.

பட்டியல் போடுங்க, இது தான் முக்கியமான வேலை

ஒரு பேப்பர் எடுங்க. கடந்த 6 மாசத்துல வாயில போட்டது, ஊசி போட்டது, எல்லாத்தையும் எழுதுங்க, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல என்னைக்கு ஆரம்பிச்சது, டோஸ் என்னைக்கு கூடுச்சு, என்னைக்கு நிறுத்தினதுன்னு தேதி. மருந்தால வர்ற கல்லீரல் பாதிப்பு பெரும்பாலும் ஆரம்பிச்ச முதல் சில வாரத்துல இருந்து 6 மாசத்துக்குள்ள தான் தலை காட்டும், அதனால தேதி தான் இங்க பெரிய துப்பு. 8 வருஷமா ஒரே டோஸ்ல போடுற மெட்ஃபார்மினை விட்டுட்டு போன மாசம் புதுசா வந்தது எதுன்னு தேடணும். பழைய ரிப்போர்ட் இருந்தா அதையும் எடுங்க, மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எஸ்ஜிபிடி 70 இருந்துச்சுன்னா அந்த மாத்திரை மேல பழி போட முடியாதே.

பட்டியல்ல கம்பெனி பேர் போதாது, அட்டையில சின்ன எழுத்துல இருக்கிற மருந்து பேரை எழுதுங்க. சுகர் மாத்திரை நிறைய இப்போ ரெண்டு மூணு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரையா வருது, ஒரு மாத்திரை போடுறேன்னு நினைக்கிறவர் உண்மையில மூணு மருந்து போட்டுக்கிட்டிருப்பார், சில சமயம் ரெண்டு டாக்டர் எழுதின ரெண்டு மாத்திரையில ஒரே மருந்து ரெண்டு தடவை போய்க்கிட்டிருக்கும்.

இப்போ பட்டியல்ல எழுத மறக்கிற ஆளுங்க. ரெண்டு மாசம் முன்னாடி போட்ட ஆன்டிபயாட்டிக்கை யாரும் சொல்றதில்ல, அமாக்சிசிலின் கிளாவுலனேட் அப்படிங்கிற ரொம்ப சாதாரணமா எழுதுற ஆன்டிபயாட்டிக் தான் மேற்கத்திய நாட்டு பதிவேடுகள்ல மருந்தால வர்ற கல்லீரல் பாதிப்புக்கு முன்வரிசையில நிக்குது, கோர்ஸ் முடிச்சு சில வாரம் கழிச்சும் மஞ்சள் காமாலை வரும். டிபி மருந்துல ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, மூணுமே கல்லீரலை தாக்கக்கூடியது. வலிப்புக்கு போடுற வால்ப்ரோயேட், மூட்டு வலிக்கும் சொரியாசிஸுக்கும் போடுற மெத்தோட்ரெக்ஸேட், நகத்துல பூஞ்சைக்கு போடுற மாத்திரை, வலி மாத்திரை, ரெண்டு மூணு சளி மருந்துல கலந்து கலந்து போற பாராசிட்டமால், ஜிம்ல உடம்பு ஏத்த போடுற ஸ்டீராய்டு, எல்லாம் எழுதுங்க.

அப்புறம் மூலிகை. இங்க தான் கண்டிப்பா சொல்ல வேண்டியிருக்கு. சுகருக்குன்னு, உடம்பு இளைக்கன்னு, எதிர்ப்பு சக்திக்குன்னு விக்கிற பொடி, கேப்ஸ்யூல், கஷாயம் எதையும் மருந்து கணக்குல சேர்க்காம விட்டுடுறோம். ஆனா கிரீன் டீ சாறு கேப்ஸ்யூல், அஸ்வகந்தா, அதிக அடர்த்தியில வர்ற மஞ்சள் கேப்ஸ்யூல், சீந்தில், இது எல்லாத்துலயும் கல்லீரல் அழற்சி வந்தது மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. சமையல்ல போடுற மஞ்சளை சொல்லல, கேப்ஸ்யூலா அடைச்சு விக்கிறதை சொல்றேன். டாக்டர் எழுதின மெட்ஃபார்மினை சந்தேகப்பட்டு நிறுத்திட்டு, லேபிள்ல என்ன இருக்குன்னே தெரியாத பொடியை விடாம சாப்பிடுறது நெறைய வீட்டுல நடக்குது, இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம்.

எந்த சுகர் மருந்து எப்படி

மெட்ஃபார்மின் பாவம், எல்லாருக்கும் முதல் சந்தேகம் அது மேல தான், ஆனா அது கல்லீரல்ல சிதையுறதே இல்ல, அப்படியே கிட்னி வழியா வெளிய போயிடும், நேரடியா கல்லீரலை கெடுத்ததா வந்த கேஸ் ரொம்ப அபூர்வம். ஃபேட்டி லிவரால எஸ்ஜிபிடி லேசா ஏறியிருக்கிறவங்க மெட்ஃபார்மினை தொடரலாம்னு தான் டாக்டருங்க சொல்றாங்க. கல்லீரல் ரொம்ப கெட்டுப்போய் நீர் கோத்து, குழப்பம் வர்ற நிலைக்கு போனவங்களுக்கும், நெறைய குடிக்கிறவங்களுக்கும் தான் இது ஆகாது, ஏன்னா லாக்டிக் அமிலம் ரத்தத்துல சேர்ந்துடும்.

கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு குடும்பத்துல பித்தம் தேங்கி காமாலை வந்த கேஸ் இருக்கு, அபூர்வம் தான். இதுல எனக்கு பெரிய கவலை வேற: கல்லீரல் பலவீனமான ஆளுக்கு இந்த மருந்து உடம்புல அதிக நேரம் தங்கும், சுகர் இறங்கினா கல்லீரல் குளுக்கோஸ் விட்டு காப்பாத்துற சக்தியும் குறைஞ்சிருக்கும், ரெண்டும் சேர்ந்தா லோ சுகர் கடுமையா வரும். கல்லீரல் கோளாறு தெரிஞ்ச பிறகு முன்னாடி ஒத்துக்கிட்ட அதே டோஸ்ல வேர்த்து கொட்டுது, கை நடுங்குதுன்னா உடனே சொல்லுங்க.

வில்டாகிளிப்டின் போடுறவங்க இதை நல்லா படிங்க. இந்த மருந்துக்கு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே லிவர் டெஸ்ட் எடுக்கணும், முதல் வருஷம் 3 மாசத்துக்கு ஒரு தடவை எடுக்கணும், அப்புறம் அப்பப்போ எடுக்கணும்னு மருந்து குறிப்புலயே இருக்கு. எஸ்ஜிபிடி இல்ல எஸ்ஜிஓடி 3 மடங்குக்கு மேல இருந்தா ஆரம்பிக்கவே கூடாது, போட்டுக்கிட்டிருக்கிறப்ப அவ்வளவு ஏறி திரும்ப எடுத்தும் குறையலேன்னா நிறுத்தணும். இந்த மாத்திரை போடுற எத்தனையோ பேருக்கு இந்த டெஸ்ட் விஷயமே தெரியாது, அதனால நீங்களே கேளுங்க. அதே குடும்பத்துல அலோகிளிப்டினுக்கும் கல்லீரல் எச்சரிக்கை இருக்கு. சிட்டாகிளிப்டின், லினாகிளிப்டின் ரெண்டுக்கும் லேசான, நடுத்தர கல்லீரல் கோளாறுல டோஸ் மாத்த வேண்டியதில்ல.

அகார்போஸ் கொஞ்சம் வித்தியாசம், டோஸ் கூட கூட எஸ்ஜிபிடி ஏறுற தன்மை இதுக்கு உண்டு, உடம்பு எடை கம்மியா இருக்கிறவங்களுக்கு இன்னும் அதிகம். அதனால தான் 60 கிலோ இல்ல அதுக்கு கீழ இருக்கிறவங்களுக்கு ஒரு வேளைக்கு 50 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூணு வேளை, அதுக்கு மேல போகக்கூடாதுன்னு அமெரிக்க மருந்து குறிப்புல இருக்கு, முதல் வருஷம் 3 மாசத்துக்கு ஒரு தடவை டெஸ்ட்டும் சொல்லியிருக்காங்க, சிரோசிஸ் (கல்லீரல் முழுக்க தழும்பாகிப் போற நிலை) இருந்தா போடவே கூடாது. பெரும்பாலும் அறிகுறி எதுவும் இருக்காது, மருந்தை குறைச்சா நம்பரும் இறங்கிடும்.

பயோகிளிட்டசோன் கதை கொஞ்சம் பெருசு. இதுக்கு அண்ணன் மாதிரி ட்ரோகிளிட்டசோன்னு ஒண்ணு இருந்துச்சு, 1997ல அமெரிக்காவுல விற்பனைக்கு வந்துச்சு, கல்லீரல் செயலிழந்து சாவு வரைக்கும் போனதால 2000 மார்ச்ல திரும்ப வாங்கிட்டாங்க, பிரிட்டன்ல 1997 முடியுறதுக்குள்ளயே எடுத்துட்டாங்க. அந்த பயம் தான் இன்னைக்கும் சுகர் மாத்திரை எல்லாத்து மேலயும் ஒட்டிக்கிட்டிருக்குன்னு எனக்கு தோணுது. ஆனா பயோகிளிட்டசோன்ல அந்த மாதிரி பாதிப்பு ரொம்ப அபூர்வம், சொல்லப்போனா ஃபேட்டி லிவர் அழற்சியை குறைக்கவே இதை கொடுக்கிறாங்க. இதுல பார்க்க வேண்டியது கால் வீக்கம், எடை கூடுறது, எலும்பு மெலியுறது, இதய செயலிழப்பு இருக்கிறவங்களுக்கு ஆகாது அப்படிங்கிறது.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போட்டா எஸ்ஜிபிடி பொதுவா கொஞ்சம் குறையத்தான் செய்யும். லிராகுளூடைடு, செமாகுளூடைடு, டிர்செபடைடு ஊசியும் அப்படித்தான், எடை குறையுறதோட நம்பரும் குறையும். ஆனா ஒண்ணு, இந்த ஊசி போட்டு எடை வேகமா இறங்குறப்ப பித்தப்பையில கல் வர்றது உண்டு. நல்லா இறங்கிக்கிட்டிருந்த ரிப்போர்ட்ல திடீர்னு அல்கலைன் பாஸ்பேடேஸும் பிலிருபினும் ஏறி, சாப்பிட்ட பிறகு வலது மேல் வயிறு வலிச்சா ஸ்கேன் எடுக்கணும், ஊசியோட சாதாரண வயித்து தொந்தரவுன்னு நினைச்சு தள்ளிப்போடாதீங்க.

இன்சுலின் கல்லீரலை கெடுக்காது. சுகர் ரொம்ப நாள் தறிகெட்டு ஏறி இறங்குற டைப் 1 காரங்களுக்கு கல்லீரல்ல கிளைகோஜன் நிரம்பி எஸ்ஜிபிடி பல நூறு வரைக்கும் போகலாம், சுகர் கட்டுக்குள்ள வந்தா அது தானா சரியாகிடும்.

சுகரோட சேர்த்து எழுதுற கொலஸ்ட்ரால் மாத்திரையையும் இங்கயே சொல்லிடுறேன், ஸ்டாட்டின் போடுறவங்களுக்கு எஸ்ஜிபிடி 3 மடங்குக்குள்ள ஏறினா நிறுத்த வேண்டியதில்ல, ஃபேட்டி லிவர் இருக்கிறவங்களும் போடலாம், அவங்களுக்கு மாரடைப்பு ஆபத்து அதிகம்ங்கிறதால அது தேவையும் கூட. கல்லீரலுக்கு பயந்து ஸ்டாட்டினை நிறுத்திட்டு இதயத்தை பணயம் வெக்காதீங்க.

திரும்ப டெஸ்ட்

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வெச்சு மருந்தை மாத்த அவசரப்பட வேண்டாம், மேல சொன்ன அபாய அறிகுறி இல்லாத வரைக்கும். லேசா ஏறியிருந்தா சில வாரம் கழிச்சு, 3 மடங்கு தாண்டியிருந்தா சில நாள்லயே திரும்ப எடுக்க சொல்வாங்க. அதே லேப்ல எடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு வாரம் கடும் உடற்பயிற்சி வேண்டாம், மது வேண்டாம், மூலிகை கேப்ஸ்யூல் எல்லாம் நிறுத்துங்க, டாக்டர் எழுதின மருந்து மட்டும் வழக்கம் போல. லிவர் டெஸ்ட்டுக்கு வெறும் வயிறு கட்டாயம் இல்ல, கூட சுகர், கொழுப்பு டெஸ்ட் இருந்தா வெறும் வயித்துல வர சொல்வாங்க, அப்போ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையை போட்டுட்டு சாப்பிடாம லேப்ல உக்காராதீங்க, ரத்தம் கொடுத்துட்டு சாப்பிடுறப்ப போடலாமான்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க.

இந்த இடைவெளியில லிவர் டானிக், லிவர் சுத்தம் பண்ற பொடின்னு புதுசா எதையும் சேர்க்காதீங்க, எதனால ஏறுச்சுன்னு தேடிக்கிட்டிருக்கிறப்ப சந்தேகப்பட வேண்டிய ஆளுங்க எண்ணிக்கையை கூட்டினா எப்படி கண்டுபிடிக்கிறது?

கூடவே ஹெபடைட்டிஸ் பி, சி டெஸ்ட் ஒரு தடவையாவது எடுத்தாச்சான்னு பாருங்க, எடுக்கலேன்னா கேட்டு எடுங்க, ரெண்டுமே வருஷக்கணக்குல சத்தமில்லாம இருக்கும், சி வைரஸை இப்போ சில மாச மாத்திரையில முழுசா குணப்படுத்திடலாம். தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கைக்கு முழு ரத்த டெஸ்ட்டும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் வேணும். ஸ்கேன்ல கிரேடு 1, கிரேடு 2ன்னு போடுறது கொழுப்பு எவ்வளவுங்கிறது தான், தழும்பு எவ்வளவுன்னு இல்ல. கிரேடு 1ன்னு நிம்மதியா இருக்கிறவருக்கு தழும்பு அதிகமா இருக்கலாம், கிரேடு 3ன்னு அழுதுக்கிட்டிருக்கிறவருக்கு தழும்பே இல்லாம இருக்கலாம். நாளைக்கு என்ன ஆகும்ங்கிறதை தீர்மானிக்கிறது தழும்பு தான்.

தழும்பு இருக்க வாய்ப்பு எவ்வளவுன்னு வீட்டுலயே ஒரு கணக்கு போடலாம், ஃபிப்-4ன்னு பேர். வயசை எஸ்ஜிஓடியால பெருக்குங்க. எஸ்ஜிபிடிக்கு வர்க்கமூலம் எடுத்து தட்டணு எண்ணிக்கையால பெருக்குங்க, தட்டணு 2 லட்சம்னா கணக்குல 200னு போடணும். முதல் விடையை ரெண்டாவதால வகுங்க. உதாரணத்துக்கு வயசு 55, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 64, தட்டணு 2 லட்சம். 55ஐ 48ஆல பெருக்கினா 2640. 64க்கு வர்க்கமூலம் 8, அதை 200ஆல பெருக்கினா 1600. வகுத்தா 1.65. விடை 1.3க்கு கீழன்னா பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு கம்மி, 65 வயசுக்கு மேல இருந்தா 2 வரைக்கும் பரவாயில்ல. 2.67க்கு மேலன்னா கல்லீரல் டாக்டரை பார்த்தே ஆகணும். நடுவுல இருந்தா, இந்த உதாரணம் மாதிரி, கல்லீரல் எவ்வளவு விறைப்பா இருக்குன்னு அளக்கிற ஃபைப்ரோஸ்கேன் எடுக்க சொல்வாங்க, அதுல 8 கிலோபாஸ்கலுக்கு கீழ வந்தா ஆறுதல். 35 வயசுக்கு கீழ இருக்கிறவங்களுக்கு இந்த கணக்கு நம்பகமா இருக்காது, திடீர்னு எஸ்ஜிபிடி பல நூறு ஏறியிருக்கிற நேரத்துலயும் போடாதீங்க, தப்பான விடை வரும்.

டாக்டர்கிட்ட போறப்ப

பட்டியல், பழைய ரிப்போர்ட், ஃபிப்-4 விடை, மூணையும் முதல் நிமிஷத்துலயே மேசையில வெச்சுடுங்க. என்ன கேக்கணும்னா: இது மருந்தால இருக்குமா, இருந்தா எந்த மருந்து, தேதி ஒத்துப்போகுதா? எதையாவது நிறுத்தினா அதுக்கு பதிலா சுகருக்கு என்ன? எத்தனை நாள் கழிச்சு திரும்ப டெஸ்ட், எந்த நம்பர் வந்தா அதுக்கு முன்னாடியே உங்களை கூப்பிடணும்? சுகர் பார்க்கிற டாக்டர் வேற, கல்லீரல் பார்க்கிற டாக்டர் வேறன்னா ஒருத்தர் மாத்தினதை இன்னொருத்தருக்கு யார் சொல்றது? கடைசி கேள்வியை பல பேர் விட்டுடுறாங்க, அதனால ஒரே வாரத்துல நிறுத்தின மருந்து வேற சீட்டுல திரும்ப வந்துடும். ஒரு மருந்து பத்தி ரொம்ப சந்தேகம் இருந்தா லிவர்டாக்ஸ்னு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் நடத்துற இலவச இணையதளம் இருக்கு, எந்த மருந்து எப்படி கல்லீரலை பாதிக்கும்னு பதிவான கேஸோட போட்டிருப்பாங்க, டாக்டருங்களும் அதை தான் பார்க்கிறாங்க.

மருந்து மேல தான் சந்தேகம்னா ஒரு நேரத்துல ஒண்ணை நிறுத்தி பார்க்கிறது நல்லது, நிலைமை மோசமா இல்லாத வரைக்கும். எல்லாத்தையும் ஒரே நாள்ல நிறுத்தினா நம்பர் இறங்கும், எதனால இறங்குச்சுன்னு தெரியாது, சுகரும் எகிறும். நிறுத்தின வாரங்கள்ல வீட்டு மீட்டர்ல சுகரை வழக்கத்தை விட அடிக்கடி பாருங்க. காரணமான மருந்தை எடுத்துட்டா எஸ்ஜிபிடி பெரும்பாலும் சில வாரத்துல பாதியா இறங்கும், பித்தம் தேங்கின வகை இறங்க இன்னும் நாள் பிடிக்கும்.

ஃபேட்டி லிவர் தான்னு முடிவானா வேலை எடை மேல. உடம்பு எடையில 5 சதவீதம் குறைஞ்சா கல்லீரல் கொழுப்பு குறையும், 7ல இருந்து 10 சதவீதம் குறைஞ்சா அழற்சி குறையும், 10 தாண்டினா தழும்பே குறைய வாய்ப்பு உண்டு. 80 கிலோ ஆளுக்கு 4 கிலோ, 8 கிலோ கணக்கு, அடைய முடியாத நம்பர் இல்ல. எடை கூட்டாத சுகர் மருந்துக்கு மாறலாமான்னு அந்த நேரத்துல கேளுங்க. செமாகுளூடைடை 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ நடுத்தரத்துல இருந்து முத்தின தழும்பு வரைக்கும் இருக்கிற, ஆனா சிரோசிஸ் ஆகாத ஃபேட்டி லிவர் அழற்சிக்கும் அனுமதிச்சிருக்கு, அதனால சுகர் டாக்டரும் கல்லீரல் டாக்டரும் சேர்ந்து ஒரே மருந்தை தேர்ந்தெடுக்கிறது இப்போ நடக்குது.

சிரோசிஸ் வரைக்கும் போயிட்டவங்களுக்கு கணக்கு வேற. அவங்களுக்கு சிவப்பணு சீக்கிரம் அழியுறதால மூணு மாச சுகர் டெஸ்ட் உண்மையை விட குறைச்சு காட்டும், ஹெச்பிஏ1சி 6 வந்துச்சுன்னு சந்தோஷப்பட முடியாது, வீட்டு மீட்டர் நம்பரை தான் நம்பணும். நிலைமை முத்தினா மாத்திரைங்க பலதையும் எடுத்துட்டு இன்சுலினுக்கு மாத்துவாங்க, அந்த இன்சுலினையும் சாப்பாடு, லோ சுகர் பார்த்து அடிக்கடி டோஸ் மாத்த வேண்டி வரும்.

ஒரு மருந்து தான் காரணம்னு உறுதியாச்சுன்னா அதோட மருந்து பேரை, கம்பெனி பேரை இல்ல, ஃபைலோட முதல் பக்கத்துல சிவப்பு மையில எழுதி, பக்கத்துல தேதியும் எஸ்ஜிபிடி எவ்வளவு போச்சுன்னும் போட்டு வைங்க, போன்லயும் ஒரு போட்டோ. ஒரு தடவை கல்லீரலை தாக்கின மருந்தை திரும்ப ஆரம்பிச்சா ரெண்டாவது தடவை சீக்கிரமாவும் கடுமையாவும் தாக்கலாம். அதே மருந்து வேற பேர்ல, மூணு மருந்து சேர்ந்த மாத்திரைக்குள்ள ஒளிஞ்சு வரும், அதனால புது சீட்டு எழுதி வாங்குற ஒவ்வொரு தடவையும் அட்டையோட பின்பக்கத்தை அந்த முதல் பக்கத்தோட ஒப்பிட்டு பார்த்துட்டு அப்புறம் முதல் மாத்திரையை போடுங்க.